கஸ்பர் மாஸ்ரரின் போர்த்துக்கீசம்

பாசையூர் கஸ்பர் மாஸ்ரர் போர்த்துக்கீசம் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்துமூன்று வயது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கிலிசே இன்னும் வாயில் சரியாகப் படியாத மனிதர் இன்னொரு பாஷைக்குப் போனது தானாக ஆசைப்பட்டு அல்ல. பாஸ்ரர் வில்மர் கேட்டார். பாஸ்ரர் வில்மர் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்லும் நிலையில் கஸ்பர் இருக்கவில்லை.

வந்த முதல் பனிக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச்சளி கட்டிக் காய்ச்சல் பிடித்தது. பார்க்டேலில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பத்மநாதன் என்ற சாவகச்சேரிக்காரனோடு ஓர் அறையில் இருந்தார். பத்மநாதன் உணவகமொன்றில் கோப்பை கழுவப் போய்விடுவான். பகல் முழுக்கக் கஸ்பர் தனியே கிடந்து இருமுவார். கீழ்மாடிக் கிழவி ஒருத்தி சொல்லித்தான், டண்டாஸ் வீதியில் சிறிய ஜெபவீடு நடத்திய பாஸ்ரர் வில்மர் படியேறி வந்தார். உயரமான, மெலிந்த வெள்ளைக்காரர். ஒரு போத்தலில் சூப்பும், கையில் ஒரு கம்பளிக் கோட்டும் கொண்டுவந்தார். மதத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அகதி வழக்கு வந்தபோது, தன் நல்ல சூட்டைப் போட்டுக்கொண்டு வந்து, விசாரணை அறையில் கஸ்பருக்குப் பக்கத்தில் இருந்து, இந்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று சாட்சி சொன்னார்.

வழக்கு வென்றது. மூன்று மாதத்தில் கஸ்பர் பாஸ்ரரின் ஜெபவீட்டில், பிளாஸ்ரிக் தொட்டித் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தார். பாசையூரில் பிறந்து மூன்றாம் நாளே கத்தோலிக்கக் கோவிலில் தண்ணீர் ஊற்றப்பட்ட தலை அது. விசுவாசத்தால் முழுகினாரா, நன்றியால் முழுகினாரா என்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. தனக்குள்ளும் அதை அவர் கேட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஊரில் இருந்த மனைவி எமில்டாவுக்கு இதை எழுதினார். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் எதையும் மறைத்துப் பழகாதவர். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் அவள் சுகம் விசாரித்திருந்தாள், தன் தகப்பனாரின் பாரிசவாதத்தைப் பற்றி எழுதியிருந்தாள், கடைசியில் ஒரு வரி: “நீங்கள் அல்லேலூயாக்காரரோட சேர்ந்தது ஐயாவுக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்.”

அப்படியிருக்க, தொண்ணூற்றோராம் ஆண்டு சித்திரையில் பாஸ்ரர் அவரைத் தன் சிறிய அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த வீதி முழுக்கப் போர்த்துக்கீசர்,” என்றார். “எங்கள் கதவுக்கு முன்னாலேயே நடந்து போகிறார்கள். ஒருவரும் உள்ளே வருவதில்லை. அவர்களுக்கு ஊழியம் செய்த சகோதரர் வன்கூவருக்குப் போய்விட்டார். நீர் அவர்களோடு வேலை செய்கிறீர். பிறப்பால் கத்தோலிக்கர். உம்முடைய பெயரே அவர்களுடைய பெயர். கர்த்தர் உம்மை இதற்காகத்தான் கொண்டுவந்தார் என்று நினைக்கிறேன்.”

வேலை என்றது, நகரின் நடுவில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் காலையில் நிலம் துடைக்கும் வேலையை. அங்கே துடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போர்த்துக்கல்லின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த பெண்கள். அவர்கள் கஸ்பரை ‘கஷ்பார்’ என்பார்கள்.

“ஓம் பாஸ்ரர்,” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு இங்கிலிசில் சரி என்றார் கஸ்பர்.

பத்மநாதன் சிரித்தான். “என்னண்ணை, அவங்கள் எங்கடை ஊருக்கு வந்து எங்கடை ஆக்களை வேதத்திலை சேர்த்தவங்கள். இப்ப நீங்கள் போய் அவங்களை அதுக்குள்ளாலை வெளியிலை எடுக்கப் போறியளோ?”

“பாஸ்ரர் கேட்டவர், தம்பி.”

“கேட்டா?”

கஸ்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் பேர் பதியப் போனார்.

வகுப்பு, ஒரு தையற்கடைக்கு மேலே இருந்த அறையில். படிப்பித்தவள் ஒரு பல்கலைக்கழக மாணவி. முதல் நாள் அவள் வீட்டுப் பொருட்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொன்னாள். ஜனேலா என்றாள். யன்னல். ஷாவி என்றாள். சாவி. மேசை மேசாவாக வந்தது, கதிரை கதெய்ராவாக வந்தது. சப்பாத்து, துவாய், அலுமாரி, குசினி, விறாந்தை. கஸ்பர் பென்சிலை வைத்துவிட்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் தன் வீட்டுக்குள் இருந்த சாமான் எல்லாம் இவர்களுடையதா என்று அவருக்கு ஒரு மலைப்பு. அந்த ஒரு கிழமை அவர் சந்தோசமாகத் திரிந்தார். பாஸ்ரர் சொன்னது மெய்தான் போலும் என்று பத்மநாதனிடம்கூடச் சொன்னார்.

பிறகு வினைச்சொற்கள் வந்தன. கதவும் யன்னலும் தந்த துணிச்சல் அதோடு போய்விட்டது. ஒரு சொல் ஆளுக்கொரு விதமாய், காலத்துக்கொரு விதமாய் மாறியது. இறந்தகாலமே இரண்டு: முடிந்துபோனதற்கு ஒன்று, முன்பெல்லாம் அப்படி இருந்தது என்பதற்கு இன்னொன்று. பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பித்த மனிதர், மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு ஸ்றீற்கார் என்ற ட்ராம் வண்டியில் உதடசைத்து மனப்பாடம் செய்தார். எதிரில் இருந்தவர்கள் எழும்பி வேறு இடத்துக்குப் போனார்கள்.

ஒன்றரை வருடத்தில் வீட்டுக்கு வீடு போகத் தொடங்கினார். டண்டாஸுக்குத் தெற்கே ஒடுங்கிய வீடுகள். முற்றத்தில் மாதா சுரூபம், வாசற்சுவரில் புனிதரின் படம் வரைந்த நீல ஓடு, பின்வளவில் முந்திரிகைக் கொடிப் பந்தல். கஸ்பர் மணியை அடித்து, பாடமாக்கிய நான்கு வசனத்தைச் சொல்வார். இரண்டாம் வசனத்திலேயே கதவு சாத்தப்படும். ஒருமுறை ஒரு கிழவர் வாசலில் நின்று அரைமணி நேரம் அமைதியாகக் கேட்டார், தலையை ஆட்டினார். கஸ்பருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. பிறகு கிழவரின் பெண்சாதி வந்து, கற்குவாரியில் வேலை செய்ததில் இவருக்கு இரண்டு காதும் கேளாது என்று சொல்லி அவரை உள்ளே கூட்டிப்போனாள்.

மாத முடிவில் பாஸ்ரருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். போன வீடுகள், பேசிய ஆட்கள், இரட்சிக்கப்பட்டோர். மூன்றாவது கட்டத்தில் கஸ்பர் ஒவ்வொரு மாதமும் ஒருவரும் இல்லை என்று ஒரு சிறு கோடு போட்டார். பாஸ்ரர் ஒருநாளும் குறை சொல்லவில்லை. “விதைப்பது நம் வேலை,” என்பார். அந்தப் பொறுமைதான் கஸ்பரை அதிகம் வருத்தியது.

டோனா லூர்து கதவைத் திறந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசியில், காஸ் மீற்றர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து. எழுபது வயது தாண்டிய கைம்பெண், கறுப்புச் சட்டை. கஸ்பர் தன் வசனத்தைச் சொன்னார். இயேசுவே வாழ்வின் அப்பம் என்று சொல்லவேண்டிய இடம். பாண் என்று தமிழில் நாங்கள் சொல்லும் அதே சொல்தான். அதை அவர்கள் மூக்கால் இழுத்துச் சொல்வார்கள். கஸ்பர் இழுக்காமல் சொன்னார். டோனா லூர்து கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“இயேசு வாழ்வின் தடி என்று சொல்லுகிறாய், மகனே,” என்றாள். “உள்ளே வா. இதை இப்படியே தெருவில் சொல்லிக்கொண்டு திரியாதே.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் பிற்பகல் அவர் அங்கே போனார். அவளுடைய புருசன் எழுபதுகளில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனவர். ஒரே மகன் அல்பேர்ட்டாவில். நத்தார்ப் பண்டிகைக்கு ரெலிபோன் எடுப்பான். அவள் கோப்பி ஊற்றித் தருவாள், கஸ்பர் போர்த்துக்கீச வேதாகமத்தை வாசிப்பார், அவள் திருத்துவாள். சங்கீதங்களை அவள் கண்ணை மூடிக் கேட்பாள். துண்டுப்பிரசுரத்தை எடுத்தால், “அதை வைத்துவிடு,” என்பாள். மூன்று மணிக்கு அவள் செபமாலையை எடுக்கும்போது கஸ்பர் மரியாதையாக எழும்பிக் குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவுவார். முதல் வருடம் அப்படி. பிறகு ஒருநாள் முழங்கால் நோவென்று எழும்பாமல் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல, அவருடைய வாய் தன்பாட்டில் தமிழில் அசைந்தது. அவள் கண்டாள். செபமாலையின் அடுத்த மணியை உருட்டினாள்.

படிவத்தில் கஸ்பர் எழுதினார்: “ஒரு ஆத்துமா கிட்ட வந்துகொண்டிருக்கிறது.” பாஸ்ரர் அதை வாசித்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். யார் யாருக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது என்பதைக் கஸ்பர் விளக்கவில்லை. பொய் சொல்லாத மனிதர் என்று சாட்சி சொன்னவரிடமே அது அவருடைய முதல் பொய்.

இதற்கிடையில் எமில்டாவைக் கூப்பிடும் அலுவல் இழுபட்டது. கடுதாசிகள் எல்லாம் கொழும்பிலிருந்த கனடாத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவள் அங்கே நேர்முகத்துக்கு வரவேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்தபோது தகப்பனாரைப் பார்க்க ஆள் இருக்கவில்லை. நேர்முகத் திகதி இரண்டு தரம் தவறியது. தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்க யாழ்ப்பாணம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது என்ற செய்தி வந்தது. பார்க்டேலில் ஒவ்வொரு வீட்டிலும் ரெலிபோனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எமில்டாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஐப்பசி போய், கார்த்திகை போய், நத்தாரும் போனது.

டோனா லூர்து தன் மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள். “உன்னுடைய பாஸ்ரருக்குப் பிடிக்காவிட்டால் நீ பார்க்காதே,” என்றாள். “இது உன் மனைவிக்கு. அவள் எங்களுடைய ஆள்தானே.”

ஜெபவீட்டிலும் ஜெபித்தார்கள். பாஸ்ரர் எமில்டாவின் பெயரை மூன்று ஞாயிறு சரியாக உச்சரித்துப் பழகி ஜெபித்தார். அதையும் சொல்லவேண்டும்.

தை மாதம் ஒரு கத்தோலிக்கச் சாமியார் எழுதிய கடிதம் வந்தது. எமில்டா மடுக்கோவில் அகதிமுகாமில் இருக்கிறாள். மலேரியா, ஆனால் உயிரோடு இருக்கிறாள். தகப்பனார் வழியிலே கிளாலியில் இறந்துபோனார். கடிதத்தை எடுத்துக்கொண்டு கஸ்பர் டோனா லூர்திடம் போனபோது அவள் படுக்கையில் இருந்தாள். வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு விட்டிருந்தார்கள். காலையில் ஒரு தாதி வந்து போவாள். மகன் வரப் பார்க்கிறேன் என்றிருந்தான்.

கஸ்பர் பின்னேரங்களில் தினமும் போகத் தொடங்கினார். பாஸ்ரரிடமும் சொன்னார். பாஸ்ரருடைய முகம் கனிந்தது. “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானும் வருகிறேன்,” என்றார். “அவளோடு சேர்ந்து ஜெபிப்போம். மூன்று வருட உழைப்பு, சகோதரரே. இது அறுவடை.”

அந்த வெள்ளி, மாசி மாதம். காலையிலிருந்து பனி கொட்டியது. கஸ்பர் இரண்டரை மணிக்கு உள்ளே போனபோது டோனா லூர்தின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவள் கண்ணைத் திறந்து அவரை அடையாளம் கண்டாள்.

“கஷ்பார். பாத்ரே,” என்றாள்.

பாதிரியார். அவளுடைய கோவிலின் குருவானவர். அவருக்கு உடனே விளங்கியது. ஆனாலும் குனிந்து, “என்ன?” என்று கேட்டார். வாழ்க்கையில் தான் செய்த காரியங்களில் இதுதான் அசிங்கமானது என்று பிற்காலத்தில் பத்மநாதனிடம் சொன்னார். அந்த ஒரு சொல்லைத்தான்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உனக்கு விளங்கியது,” என்றாள் மெல்ல. “இந்தச் சொல் உனக்கு நான் சொல்லித் தந்தது இல்லை, நீ முன்னமே அறிந்தது.”

மணிக்கூடு இரண்டே முக்காலைக் காட்டியது. கோவிலுக்கு ரெலிபோன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தால் பாஸ்ரர் வந்துவிடுவார். எடுத்துப் பார்த்தேன், ஆள் இல்லை என்று சொல்ல அவருக்கு நியாயமும் இருந்தது. பாஸ்ரர் கொடுத்த அந்தக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

இரண்டு தெரு. முழங்கால் அளவு பனி. கோவிலின் பின்கதவைத் தட்டியபோது ஒரு களைத்த, கட்டையான மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கஸ்பர் சொன்னதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் கேட்டார்: “நீர் கத்தோலிக்கரா?”

“இருந்தேன்,” என்றார் கஸ்பர். இரண்டு இறந்தகாலத்தில் எதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. குருவானவர் திருத்தவில்லை.

சாகக் கிடப்பவருக்கான அவஸ்தைபூசுதல் கொடுக்கும்போது வீட்டில் வேறு ஆள் இல்லை. மெழுகுதிரியைப் பிடிக்கவும் மறுமொழி சொல்லவும் கஸ்பர்தான். போர்த்துக்கீசத்தில் வராத இடங்களில் தமிழில் சொன்னார். டோனா லூர்தின் நெற்றியில் எண்ணெய் பட்டபோது அவளுடைய முகம் இளகியது. அப்போது வாசற்கதவு திறந்தது. பாஸ்ரர் வில்மர், தொப்பியில் பனியோடு, கையில் வேதாகமத்தோடு. மெழுகுதிரியையும், எண்ணெயையும், கஸ்பரையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, முடியும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு திரும்பிப் போனார்.

டோனா லூர்து ஞாயிறு காலை போய்விட்டாள். மகன் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தான். அடக்கத்துக்குக் கஸ்பர் கோவிலின் கடைசி வாங்கில் இருந்தார்.

அடுத்த கிழமை பாஸ்ரர் கூப்பிட்டார். அவருடைய குரல் உயரவில்லை.

“அவள் கேட்டாளா?”

“கேட்டாள்.”

“நான் வருகிறேன் என்று உமக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“இந்த மூன்று வருடமும் நீர் எழுதித் தந்தது?”

கஸ்பர் தலை குனிந்திருந்தார். சொல்ல நினைத்ததை இங்கிலிசில் அவரால் கட்ட முடியவில்லை. போர்த்துக்கீசத்திலும் முடிந்திராது. கடைசியில், “நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கேல்லை,” என்று தமிழில் சொன்னார். பாஸ்ரருக்கு விளங்கவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை.

“உம்மேல் எனக்குக் கோபம் இல்லை,” என்றார் பாஸ்ரர். “ஆனால் இந்த ஊழியத்தை இனி உம்மிடம் தர முடியாது.” மேசையைப் பிடித்து எழுந்து கை கொடுத்தார். அவருக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. கஸ்பர் வேதாகமத்தையும் கொப்பிகளையும் மேசையில் வைத்துவிட்டு வந்தார். தேவையில்லாத ஒரு வலி என்னவென்றால், பாஸ்ரர் கெட்டவராக இருந்திருந்தால் கஸ்பருக்கு இலேசாக இருந்திருக்கும்.

பத்மநாதன்தான் அவரை ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டான். “நான் சைவக்காரன், எனக்கென்ன விளங்குது. ஆனா உங்களுக்கு ஒரு இடம் வேணும் அண்ணை. போங்கோ.” பூசை முடிந்து சாமியாரோடு பேசினார். பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும், திரும்பி வரலாம் என்றார் அவர், மிகவும் அன்பாக. கஸ்பர் முழங்காலில் இருந்தார். தொட்டித் தண்ணீரில் முழுகியது பாவம் என்று சொல்லவேண்டும். விசாரணை அறையில் நல்ல சூட்டோடு பக்கத்தில் இருந்த மனிதர் ஞாபகம் வந்தார். கஸ்பர் அதைச் சொல்லாமலே எழும்பி வந்துவிட்டார். அதன் பிறகு அங்கேயும் போகவில்லை.

எமில்டாவின் கோப்பு தொண்ணூற்றேழில் மூடப்பட்டது. மூன்றாவது திகதிக்கும் அவளால் வவுனியாவைத் தாண்ட முடியவில்லை. திரும்பவும் தொடங்கலாம் என்றார்கள். கஸ்பர் படிவங்களை வாங்கி வந்து நிரப்பி, அவளுடைய கையெழுத்துக்கு அனுப்பினார். ஆறு மாதம் கழித்து அவை கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம்.

“இனி என்னைக் கூப்பிட வேண்டாம். கோவத்திலை எழுதேல்லை. இஞ்சை முகாமிலை சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். ஐயாவைப் புதைச்ச இடத்தை விட்டுத் இன்னும் தூரப் போக மனமில்லை. உங்கடை முகம் ஞாபகம் இருக்கு, குரல் ஞாபகம் வருகுதில்லை. நீங்கள் இப்ப எந்தக் கோவிலுக்குப் போறியள் எண்டு ஒரு கடிதத்திலையும் எழுதேல்லை. அதையாவது எழுதுங்கோ.”

பத்மநாதன் கலியாணம் செய்து ஸ்காபரோவுக்கு, டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ருக்குப் போனான். “வாங்கோ அண்ணை, பக்கத்திலையே ஒரு அறை எடுப்பம். எங்கடை சனம் எல்லாம் அங்கைதான்,” என்று இரண்டு மூன்று தரம் கேட்டான். கஸ்பர் வருவதாகச் சொன்னார், போகவில்லை.

எமில்டாவுக்குப் பதில் எழுதினார். குளிரைப் பற்றி எழுதினார், தன் முழங்காலைப் பற்றி எழுதினார், மலேரியாக் குளிசையைத் தவறாமல் எடுக்கச் சொன்னார். அவள் கேட்டதற்கு இரண்டு தரம் எழுதத் தொடங்கி இரண்டு தரமும் வெட்டினார். கடைசியில் வெட்டிய தாளை வைத்துவிட்டு, புதுத்தாளில் மற்றதை மட்டும் பிரதிபண்ணி அனுப்பினார்.

வேலையிடத்தில் பொறுப்பாளரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நாளுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பொறுப்பாளர் அன்றே எழுதிக் கொடுத்தார். போர்த்துக்கீசப் பெண்கள் எல்லாரும் பூசைக்குப் போய்விடுவார்கள். பதினாறாம் மாடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கஸ்பர் வாளியில் தண்ணீர் பிடித்து, லிஃப்ற் வாசலில் தொடங்கி, அந்த நீண்ட நடைவழியை மறு எல்லைவரை துடைத்துக்கொண்டு போவார்.